வெறுங்காலோடு நடப்பவர்களுக்காக ஒரு கால்: என்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் பி. கே. சேத்தியின் வாழ்வும் பணியும்

புத்தளம் மாவட்டத்தின் உடப்புக் கரையில் கரைவலை இழுக்கும் ஒரு தொழிலாளியின் காலுக்கு ஒரு நாளில் எத்தனை வேலை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அலை வந்து திரும்பும் ஈரமணலில் குதிகாலைப் புதைத்து நிற்க வேண்டும். அம்பாப் பாட்டின் இழுப்புக்கு ஏற்பப் பின்னோக்கி அடிவைக்க வேண்டும். வலையின் மடி கரைக்கு வந்ததும் குந்தியிருந்து மீனைத் தெரிந்து பிரிக்க வேண்டும். வீட்டுக்குப் போனால் நிலத்தில் சம்மணமிட்டுச் சாப்பிட வேண்டும். திரௌபதை அம்மன் கோவிலுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஆண்டுத் திருவிழாவில் தீ மிதிப்பவர்களும் வெறுங்காலோடுதான் இறங்குகிறார்கள்.

இப்படி வாழும் ஒருவர் மிதிவெடியிலோ எறிகணையிலோ வீதி விபத்திலோ நீரிழிவுப் புண்ணிலோ ஒரு காலை இழந்துவிட்டால், அவருக்கு எப்படிப்பட்ட செயற்கைக்கால் வேண்டும்? சப்பாத்துக்குள் மட்டும் இயங்கக்கூடிய, தண்ணீர் பட்டால் பழுதாகிற, குந்தியிருக்க விடாத ஒரு கால் அவருக்கு எதற்கு உதவும்?

இந்தக் கேள்வியை அரை நூற்றாண்டுக்கு முன்னர் இந்தியாவின் பாலைவன மாநிலமான ராஜஸ்தானில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் கேட்டார். அவர் பெயர் பிரமோத் கரண் சேத்தி. அவர் கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடைதான் இன்று எமது மக்கள் 'ஜெய்ப்பூர் கால்' என்று பெயர் சொல்லி அழைக்கும் செயற்கைக்கால். அந்தப் பெயர் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர். அதன் பின்னால் இருந்த மனிதரைப் பற்றி அறிந்தவர்கள் குறைவு.

காசியில் பிறப்பு, ஆக்ராவில் படிப்பு

சேத்தி 1927 நவம்பர் 28ஆம் திகதி காசி என்று நாம் அழைக்கும் வாரணாசியில் பிறந்தார். தந்தையார் இயற்பியல் பேராசிரியர். ஆக்ராவில் உள்ள சரோஜினி நாயுடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்று, அங்கேயே சத்திரசிகிச்சையில் பட்டமேற்படிப்பையும் முடித்தார். பின்னர் பிரித்தானியா சென்று, 1954இல் எடின்பரோ அரச சத்திரசிகிச்சையாளர் கல்லூரியின் உறுப்புரிமையைப் பெற்றுத் திரும்பினார்.

அக்காலத்தில் அத்தகுதியோடு ஊர் திரும்பும் ஒரு வைத்தியருக்குப் பெருநகரங்களில் செல்வமும் செல்வாக்கும் காத்திருந்தன. சேத்தி ஜெய்ப்பூரின் சவாய் மான்சிங் அரச வைத்தியசாலையிலும் அதனோடு இணைந்த மருத்துவக் கல்லூரியிலும் ஆசிரியராகச் சேர்ந்தார். 1982இல் ஓய்வு பெறும் வரை அரச பணியில் இருந்தார்.

அவர் பயின்றது பொதுச் சத்திரசிகிச்சை. எலும்பும் மூட்டும் பற்றிய என்பியல் துறைக்கு அவர் வந்தது தேவையின் பொருட்டு. 1950களின் பிற்பகுதியில் ஜெய்ப்பூரில் அதற்கெனத் தனிப்பிரிவு அமைக்க வேண்டி வந்தபோது, அப்பொறுப்பு அவரிடம் கொடுக்கப்பட்டது. புதிய துறையைத் தானே படித்து, நோயாளிகளைப் பார்த்துப் பார்த்தே அவர் கற்றார். போலியோவால் கால் சூம்பிய பிள்ளைகளும், ரயில் தண்டவாளத்திலும் வீதியிலும் வயலிலும் கால்களை இழந்த ஏழைகளும் அவருடைய பிரிவை நிறைத்தார்கள்.

கழற்றி வைக்கப்பட்ட கால்கள்

சத்திரசிகிச்சை செய்து ஒரு காலை அகற்றுவதோடு வைத்தியரின் வேலை முடிந்துவிடுகிறது என்பதே அந்நாளைய வழக்கம். செயற்கைக்கால் வேண்டுமென்றால் நோயாளி புனே நகரில் இருந்த இராணுவச் செயற்கை உறுப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். ஜெய்ப்பூரிலிருந்து அது தரைவழியே ஆயிரம் கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தூரம். போகச் செலவு, தங்கச் செலவு, காத்திருக்கும் நாட்களின் கூலியிழப்பு. இத்தனைக்கும் பிறகு கால் வாங்கி வந்தவர்களைச் சேத்தி மறுபடி சந்தித்தபோது, பலர் ஊன்றுகோலோடுதான் வந்தார்கள். செயற்கைக்கால் வீட்டு மூலையில் கிடந்தது.

நோயாளிக்கு அறிவு போதாது, பழகப் பொறுமை இல்லை என்று சொல்லிக் கடந்து போவது எளிது. சேத்தி ஏன் என்று கேட்டார். சொல்லப்பட்ட காரணங்கள் எல்லாம் சாதாரணமானவை. சப்பாத்தோடு கோவிலுக்கும் சமையலறைக்கும் போக முடியவில்லை. நிலத்தில் இருக்க முடியவில்லை. மலசலகூடத்தில் குந்த முடியவில்லை. வயலின் சேற்றுத் தண்ணீரில் இறங்கினால் சப்பாத்து ஊறி அழிந்துவிடுகிறது. புதுச் சப்பாத்து வாங்கப் பணம் இல்லை.

மேற்கு நாடுகளில் 1950களில் பரவிய செயற்கைப் பாதத்தின் அமைப்பே இதற்குக் காரணம். அதன் உள்ளே பாதத்தின் பெரும்பகுதி நீளத்துக்கு ஒரு கட்டை ஓடும். கணுக்கால் அசையாது. குதிப்பகுதியில் மட்டும் மெத்தை போன்ற ஒரு துண்டு இருக்கும். சப்பாத்து அணிந்து, சமதரையில் நடந்து, நாற்காலியில் இருப்பவருக்கு அது போதும். குந்தியிருப்பவருக்கு அது போதாது. குதி நிலத்தில் பதிந்திருக்க, முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி முன்னோக்கிச் சரிந்தால்தான் குந்த முடியும். கணுக்கால் வளையாவிட்டால் ஆள் பின்பக்கம் விழுவார். சம்மணமிடுவதற்குப் பாதம் பக்கவாட்டிலும் திரும்ப வேண்டும். மேடுபள்ளமான தரையில் நடப்பதற்கும் அந்தப் பக்கவாட்டு அசைவு வேண்டும்.

ஆக, பழுது நோயாளியிடம் இல்லை என்பது சேத்திக்குத் தெளிவாயிற்று. நாற்காலியில் இருக்கும் மக்களுக்காகச் செய்யப்பட்ட ஒரு பொருளை நிலத்தில் இருக்கும் மக்களுக்கு அப்படியே கொடுத்ததுதான் பிழை.

வைத்தியரும் கைவினைஞரும்

அதே வைத்தியசாலையில் ராம் சந்திர சர்மா என்றொரு கைவினைஞர் பணியாற்றினார். சிற்ப வேலை, உலோக வேலை, மர வேலை எல்லாம் கைவந்தவர். நோயாளிகளுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுப்பதற்காக அமர்த்தப்பட்டவர். பள்ளிப் படிப்பு நான்காம் வகுப்போடு நின்றதாகச் சொல்வார்கள். எல்லோரும் அவரை 'மாஸ்ரர்ஜி' என்று மரியாதையோடு அழைத்தார்கள்.

1960களின் இறுதியில் இந்த இருவரும், வைத்தியர்களான எஸ். சி. கஸ்லிவால், எம். பி. உதாவத் ஆகியோரும் சேர்ந்து, சப்பாத்துத் தேவைப்படாத, பார்வைக்கும் மனிதப் பாதம் போலவே இருக்கும் ஒரு பாதத்தைச் செய்ய முயன்றார்கள். மரத்திலும் வேறு பொருட்களிலும் செய்தவை நிலைக்கவில்லை. வழி திறந்தது தெருவோர ரயர் கடையில். தேய்ந்த ரயருக்குப் புது றப்பர் ஒட்டும் தொழிலைப் பார்த்தபோது, றப்பரை அச்சிலிட்டுச் சூடாக்கி இறுகவைத்தால் எந்த வடிவமும் எடுக்கலாம் என்ற எண்ணம் பிறந்தது. பாதத்தின் அலுமினிய அச்சு மணல்வார்ப்பு முறையில் உள்ளூரிலேயே வார்க்கப்பட்டது. ரயர் தொழில் செய்த ஒருவரே அதில் றப்பரை இட்டு முதல் பாதங்களை எடுத்துக் கொடுத்தார்.

முதலில் வந்தது முழுவதும் கட்டி றப்பர். பாரம் கூடியது, வளைய மறுத்தது. அதன் பிறகே, உள்ளே இலேசான பொருட்களை வைத்து வெளியே மட்டும் உறுதியான றப்பரால் மூடும் முறைக்கு வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொரு மாதிரியையும் நோயாளிகள் அணிந்து நடந்து, குறை சொன்னார்கள். குறை திருத்தப்பட்டது. உடைந்த பாதங்கள் திரும்பி வந்தபோது எங்கே உடைந்தது என்று பார்த்து அந்த இடத்தைப் பலப்படுத்தினார்கள்.

1978இல் இந்தப் பாதம் பற்றிய ஆய்வுக் கட்டுரை செயற்கை உறுப்புகளுக்கான சர்வதேச மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. அதன் ஆசிரியர்கள் நால்வர். மூவர் வைத்தியர்கள். நான்காவது பெயர் ராம் சந்திராவினுடையது. பெரிய படிப்புப் படிக்காத ஒரு கைவினைஞரின் பெயர் மருத்துவ ஆய்விதழில் வைத்தியர்களின் பெயருக்குப் பக்கத்தில் அச்சேறியது அக்காலத்தில் சிறிய விடயம் அல்ல. ஆயினும் விருதுகளும் உலகப் புகழும் பெருமளவில் சேத்தியையே வந்தடைந்தன. முதல் எண்ணம் யாருடையது, பெருமை யாருக்கு என்ற விவாதம் பின்னாளில் எழுந்தது. இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் இந்தக் கால் பிறந்திருக்காது என்பதே நியாயமான முடிவு. கால் அறியாத கைவினைஞராலும், கை அறியாத வைத்தியராலும் இதைத் தனித்துச் செய்திருக்க முடியாது.

பாதத்தின் உள்ளே என்ன இருக்கிறது?

ஜெய்ப்பூர் பாதத்தை நெடுக்காக வெட்டிப் பார்த்தால் மூன்று துண்டுகள் தெரியும். கணுக்கால் பகுதியில் ஒரு மரக்கட்டை. காலின் மேற்பகுதியோடு பாதத்தை இணைக்கும் ஆணி அதிலேதான் இறங்கும். குதிப்பகுதியில் பஞ்சு போன்ற றப்பர். முன்பாதத்திலும் விரல்பகுதியிலும் அதே பஞ்சு றப்பர். இம்மூன்றையும் சுற்றி ரயரில் பயன்படும் நூலிழை கொண்ட றப்பர்ப் பட்டிகள் கட்டப்படும். அதன் மேல் தோல் நிற றப்பர் போர்த்தப்படும். முழுவதையும் அச்சுக்குள் வைத்துச் சூடேற்றினால் எல்லாம் ஒன்றாக இறுகி ஒரே பாதமாக வெளியே வரும்.

இதில் சூட்சுமம் மரக்கட்டையின் அளவில் இருக்கிறது. அது கணுக்காலோடு நின்றுவிடுகிறது, முன்பாதத்துக்குள் நீள்வதில்லை. அதனால் பாதம் மேலும் கீழும் வளைகிறது, உள்ளும் புறமும் சரிகிறது, சற்றுத் திருகவும் செய்கிறது. அசையும் மூட்டு எதுவும் உள்ளே இல்லை. தேய்ந்துபோக ஆணியோ சுருளோ இல்லை. றப்பரின் நெகிழ்வே கணுக்காலின் வேலையைச் செய்கிறது.

வெளியே றப்பர் என்பதால் தண்ணீர் உட்புகாது. வயற்சேற்றிலும் மழையிலும் நடக்கலாம். விரல்கள் வடிவமைக்கப்பட்டிருப்பதால் வெறும் பாதமாகவே பார்வைக்கு நிற்கும். விரும்பினால் செருப்பும் அணியலாம்.

பாதத்துக்கு மேலே முழங்கால் வரையிலான பகுதி தொடக்கத்தில் அலுமினியத் தகட்டில் செய்யப்பட்டது. பாத்திரம் அடிக்கும் பரம்பரைத் தொழிலாளர்கள் சுத்தியலால் தட்டித் தட்டி அதை உருவாக்கினார்கள். பிற்காலத்தில் நீர்ப்பாசனக் குழாய்களுக்குப் பயன்படும் தடித்த பிளாஸ்ரிக் குழாயைச் சூடாக்கி, நோயாளியின் கால் அச்சின் மேல் இழுத்துச் செய்யும் முறை வந்தது. ஓரிரு நாட்களில், சில வேளைகளில் ஒரே நாளில், ஒருவருக்குக் கால் பொருத்தி அனுப்ப முடிந்தது. இந்தப் பாதத்துக்குக் காப்புரிமை எதுவும் பெறப்படவில்லை. யார் வேண்டுமானாலும் கற்றுச் செய்யலாம் என்று திறந்து விடப்பட்டது.

ஜெய்ப்பூரிலிருந்து உலகுக்கு

முதற் சில ஆண்டுகளில் இந்தக் கால் கிடைத்தது மிகச் சிலருக்கே. வைத்தியசாலை ஒன்றின் பட்டறையில் அதற்கு மேல் செய்ய வழியில்லை. 1975இல் டி. ஆர். மேத்தா என்ற அரச நிர்வாக அதிகாரி பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி என்ற தொண்டு நிறுவனத்தை ஜெய்ப்பூரில் தொடங்கினார். வீதி விபத்தில் படுகாயமடைந்து, தனது காலையே இழக்கும் நிலைவரை சென்று மீண்டவர் அவர். கால்களை இலவசமாகப் பொருத்துவது அந்நிறுவனத்தின் கொள்கை. நோயாளி எந்த நேரத்தில் வந்தாலும் தங்க இடமும் உணவும் கொடுத்து, கால் பொருத்தியே அனுப்பும் முறையை அது ஏற்படுத்தியது. இலட்சக்கணக்கானோர் இதனால் நடந்தார்கள். ஆப்கானிஸ்தான் போன்ற போர் நடந்த நாடுகளுக்கும் ஜெய்ப்பூர் கால் சென்றது.

1981இல் சேத்திக்கு ரமோன் மக்சசே விருது சமூகத் தலைமைத்துவத்துக்காக வழங்கப்பட்டது. அதே ஆண்டில் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதளித்தது.

அதே 1981இல்தான், தமிழ்ச் சின்னத்திரை பார்ப்பவர்களுக்கு நன்கு தெரிந்த நடிகை சுதா சந்திரன் திருச்சிராப்பள்ளிக்கு அருகே நடந்த பேருந்து விபத்தில் சிக்கினார். அப்போது அவர் பதின்ம வயதுப் பரதநாட்டியக் கலைஞர். காயம் அழுகத் தொடங்கியதால் காலை அகற்ற வேண்டி வந்தது. மக்சசே விருதுச் செய்தி மூலம் சேத்தியைப் பற்றி அறிந்து ஜெய்ப்பூர் சென்றார். நடக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு நடுவே, ஆட முடியுமா என்று கேட்டவர் அவர். ஜெய்ப்பூர் காலோடு பயிற்சி செய்து, எஞ்சிய காலில் இரத்தம் கசிந்த நாட்களையும் தாண்டி, 1984இல் மும்பையில் மீண்டும் மேடையேறினார். அவருடைய கதை 'மயூரி' என்ற தெலுங்குப் படமாக வந்தது. அதில் அவரே நடித்தார். தட்டடவு அடிக்கும் ஒரு பாதம் வெறும் பாதமாகவே இருக்க வேண்டும். சப்பாத்துக்குள் ஒளிந்திருக்கும் பாதத்தால் பரதம் ஆட முடியாது. விவசாயிக்காகச் செய்யப்பட்ட கால் ஒரு நாட்டியக் கலைஞருக்கும் பொருந்தியது இதனால்தான்.

எமது மண்ணில்

இலங்கையில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் 1980களின் நடுப்பகுதி முதல் ஜெய்ப்பூர் கால் பொருத்தும் பணி தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் 1987இல் ஆரம்பிக்கப்பட்ட ஜெய்ப்பூர் நிலையம் போரின் எல்லாக் கட்டங்களையும் கடந்து வந்தது. பாதைகள் மூடப்பட்ட காலத்திலும், பொருட்களுக்குத் தடை இருந்த காலத்திலும், உள்ளூர்ப் பட்டறையில் உள்ளூர்க் கைகளால் செய்யக்கூடிய ஒரு தொழில்நுட்பம் இருந்தது எத்தனை பெரிய உதவி என்பதை அக்காலத்தை அனுபவித்தவர்கள் அறிவார்கள். வெளிநாட்டிலிருந்து பாகம் வரும் வரை காத்திருக்க வேண்டிய காலாக அது இருந்திருந்தால், பலர் ஆண்டுக்கணக்கில் நடக்காமலே இருந்திருப்பார்கள். வன்னியில் வெண்புறா நிறுவனம் செயற்கைக்கால்களைச் செய்து பொருத்தியதும் எமது மக்களின் நினைவில் இருக்கிறது.

போர் முடிந்தபின் 2010இல் வவுனியா மெனிக் பாம் முகாமில் இந்திய அரசின் ஏற்பாட்டில் ஜெய்ப்பூர் கால் பொருத்தும் முகாம் நடைபெற்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் கால் பெற்றார்கள். இடப்பெயர்வில் காலைத் தொலைத்தவர்களும், உடைந்த காலைக் கயிற்றால் கட்டி நடந்தவர்களும், முதன்முறையாகக் கால் அணிந்தவர்களும் அவர்களில் அடங்குவர்.

மிதிவெடி ஆபத்து அத்துடன் முடிந்துவிடவில்லை. முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றும் பணி பல்லாண்டுகள் நீடித்தது. மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை இணைந்தது 2017 டிசம்பரில்தான். இன்னொரு பக்கம், இன்று காலை இழப்பவர்களில் நீரிழிவு நோயாளிகளின் பங்கு பெரிது. வெடிச்சத்தம் இல்லாத கரைகளிலும், உடப்பு போன்ற ஊர்களிலும் ஜெய்ப்பூர் கால் தேவைப்படுவோர் இருப்பார்கள்.

இங்கே தமிழ்நாட்டில் நடந்த இன்னொரு முயற்சியையும் நினைவுகூர வேண்டும். கொல்லிமலையில் 1914இல் பிறந்த சத்திரசிகிச்சை நிபுணர் போல் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தபோது ஓர் உண்மையைக் கண்டார். உணர்ச்சியற்ற பாதத்தில் வலி தெரியாததால்தான் புண் பெரிதாகிக் காலையே பறிக்கிறது. அத்தகைய பாதங்களுக்கு மென்மையான பஞ்சு றப்பர்ச் செருப்புகளை வேலூரில் செய்து கொடுத்தார்கள். நீரிழிவால் உணர்ச்சி குறைந்த பாதங்களுக்கும் அதே விதி பொருந்தும். சேத்தி போன காலுக்கு மாற்றுத் தேடினார், பிராண்ட் இருக்கும் காலைக் காக்க வழி தேடினார். இருவருமே றப்பரையும் செருப்புத் தைப்பவரையும் ரயர் ஒட்டுபவரையும் மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர்கள்.

குறைகளும் கவலைகளும்

ஜெய்ப்பூர் காலில் குறையே இல்லை என்று சொல்வது சேத்திக்குச் செய்யும் மரியாதை ஆகாது. மேற்கத்தேயப் பாதங்களோடு ஒப்பிட்டால் அது பாரம் கூடியது. கையால் செய்யப்படுவதால் ஒரு பட்டறைக்கும் இன்னொரு பட்டறைக்கும் தரம் வேறுபடுகிறது. பழைய முறையில் செய்யப்பட்ட கால்களில், எஞ்சிய காலை உள்வாங்கும் மேல் உறையின் அடிப்பக்கம் திறந்தே இருந்தது. அதனால் எஞ்சிய காலின் நுனிக்குத் தாங்கல் கிடைக்காமல் வீக்கமும் தோல் பிரச்சினைகளும் வந்தன.

எத்தனை கால்கள் பொருத்தினோம் என்ற எண்ணிக்கை, எத்தனை பேர் ஓராண்டுக்குப் பின்னரும் அணிந்து நடக்கிறார்கள் என்ற கேள்வியை மறைத்துவிடக் கூடாது. தரக்கட்டுப்பாடு இல்லாமல் பெருந்தொகையாகக் கால்களைச் செய்து கொடுப்பது பற்றிச் சேத்தி பிற்காலத்தில் கவலை வெளியிட்டார். 1989இல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த செயற்கை உறுப்பு நிபுணர்களின் உலக மாநாட்டில், வளரும் நாடுகளுக்கு எத்தகைய தொழில்நுட்பம் ஏற்றது என்பதையே தனது சிறப்புரையின் பொருளாக எடுத்துக்கொண்டார். ஏழைகளுக்கு என்பதற்காகத் தரம் குறைந்ததைக் கொடுக்கலாம் என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. ஒருவரின் வாழ்க்கைக்குப் பொருந்துவதே அவருக்கு நல்ல தொழில்நுட்பம்.

ஓய்வுக்குப் பின்னரும் ஜெய்ப்பூரில் நோயாளிகளைப் பார்த்து வந்த சேத்தி, 2008 ஜனவரியில் தனது எண்பதாவது வயதில் அந்நகரிலேயே காலமானார். முழங்காலுக்கு மேல் காலை இழந்தவர்களுக்கான மலிவான செயற்கை முழங்கால் ஒன்றை அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தினரும் ஜெய்ப்பூர் நிறுவனத்தினரும் சேர்ந்து உருவாக்கினார்கள். 2009இல் 'டைம்' சஞ்சிகை அதை அவ்வாண்டின் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாகத் தெரிவு செய்தது.

கால் அணிபவர்கள் கவனிக்க வேண்டியவை

செயற்கைக்கால் ஆயுள் முழுவதற்கும் ஒருமுறை கொடுத்து முடிகிற பொருள் அல்ல. பாவனையைப் பொறுத்துச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு இன்னும் விரைவாக மாற்ற வேண்டும். 2009, 2010 காலத்தில் சிறுவராக இருந்து கால் பெற்றவர்கள் இன்று வளர்ந்தவர்கள். பழைய காலை ஒட்டியும் கட்டியும் அணிந்துகொண்டிருப்பது இடுப்பையும் முதுகையும் நல்ல காலின் முழங்காலையும் கெடுக்கும்.

சத்திரசிகிச்சைக்குப் பிந்திய முதலாண்டில் எஞ்சிய கால் மெலியும். முதலில் இறுக்கமாக இருந்த உறை பின்னர் தளர்ந்துவிடும். இதை நிலையத்தில் சொல்லித் திருத்திக்கொள்ள வேண்டும். காலைக் கழற்றியதும் தோலில் தெரியும் சிவப்பு அரை மணித்தியாலத்துக்குள் மறையாவிட்டால், அந்த இடத்தில் அழுத்தம் கூடுதலாக இருக்கிறது என்று பொருள். புண் வரும் வரை பொறுத்திருக்கக் கூடாது. எஞ்சிய காலையும் அதன் மேல் அணியும் துணி உறையையும் நாள்தோறும் கழுவிக் காயவைக்க வேண்டும்.

கடற்கரையில் வாழ்பவர்களுக்கு இன்னொரு கவனமும் தேவை. றப்பர்ப் பாதம் தண்ணீரைத் தாங்கும். ஆனால் கடல் உப்பு அலுமினியத்தை அரிக்கும், ஆணிகளைத் துருப்பிடிக்கச் செய்யும். உறைக்குள் சிக்கிய மணல் தோலை உராய்ந்து புண்ணாக்கும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து நிழலில் காயவைப்பது அவசியம். பாதத்தின் றப்பரில் வெடிப்புத் தெரிந்தால் உடனே காட்ட வேண்டும். வெடிப்பு வழியே தண்ணீர் இறங்கினால் உள்ளே இருக்கும் மரக்கட்டை உக்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கால் பொருத்தப் போகும்போது நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், எங்கே நடக்கிறீர்கள், வீட்டில் எப்படி இருக்கிறீர்கள், எந்தக் கோவிலுக்குப் போகிறீர்கள் என்பதையெல்லாம் கால் செய்பவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். வலிக்கிறது என்றால் சொல்லுங்கள். அணியாமல் மூலையில் வைத்துவிட்டீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். அப்படிச் சொன்ன ராஜஸ்தான் ஏழைகளை ஒரு வைத்தியர் காதுகொடுத்துக் கேட்டதால்தான் ஜெய்ப்பூர் கால் உருவாயிற்று. இலவசமாகக் கிடைத்த காலில் குறை சொல்லக்கூடாது என்று வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. குறை சொல்வது உங்கள் உரிமை, திருத்துவது அவர்கள் தொழில்.